பதினான்காம் மேசைக்கு ராசி இல்லையா?

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் அட்மின் வேலை பார்க்கிறேன். மெர்ச்சன்டைசிங், அக்கவுன்ட்ஸ், டிசைன் என்று மொத்தம் 26 பேர். எல்லோருக்கும் லேப்டாப் உண்டு. 18 மேசைகளில் டாக்கிங் ஸ்டேஷன் இருக்கிறது; டாக் என்போம், லேப்டாப்பில் ஒரே கேபிளைச் செருகினால் மானிட்டர், நெட், சார்ஜ் எல்லாம் தருகிற பெட்டி. யார் எந்த மேசையில் வேண்டுமானாலும் உட்காரலாம். நாலு மாதமாக ஒரே ரோதனை. காலையில் செருகினால் மானிட்டர் வராது, பிடுங்கிப் பிடுங்கிச் செருக வேண்டும். சில மேசைகளில் நெட் வராது. டிசைன் பையன்களின் லேப்டாப்பில் செருகி வைத்திருக்கும்போதே சார்ஜ் இறங்குகிறது. ஜன்னலோரம் இருக்கும் 14-ம் மேசையில் திரை இரண்டு மூன்று வினாடி கறுத்துப்போய்த் திரும்ப வருகிறது. பக்கத்துச் சீட்டுக்காரர் எழுந்தால்தான் அப்படி ஆகிறது என்று அங்கே உட்காரும் பெண் சொல்ல, எல்லோரும் அவளைக் கிண்டல் செய்கிறார்கள். டீலர் இதுவரை ஆறு டாக்கை மாற்றிக் கொடுத்துவிட்டார். கேபிள்கள் மேசைக்கடியில் கட்டியிருப்பதால் பெட்டியை மட்டும் மாற்றினார். மாற்றியதிலும் அதே கதைதான். இப்போது முதலாளி பதினெட்டையும் தூக்கிவிட்டு வேறு கம்பெனி டாக் வாங்கக் கொட்டேஷன் கேட்கச் சொல்கிறார். நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. என்ன செய்யட்டும்?

வாசகி, திருப்பூர்

பதில்: கொட்டேஷன் கேட்பதைப் பதினைந்து நாள் தள்ளிப் போடுங்கள். முதலாளி கேட்டால் பொறுப்பை என் தலையில் போடுங்கள்.

உங்கள் கடிதத்தில் குறைந்தது நாலு வெவ்வேறு கோளாறுகள் இருக்கின்றன. நாலுக்கும் உங்கள் ஆபீஸில் ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள்: டாக் பிரச்சினை. மேசை மேல் கண்ணுக்குத் தெரிகிற பெட்டி அதுதான் என்பதால் பழியும் அதன் மேலேயே விழுகிறது. ஆறு டாக் மாற்றியும் அதே கதை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரி போதும். ஆறு புது டாக்கும் ஒரே மாதிரி கெட்டுப்போவது நடக்காத காரியம் இல்லை. ஆனால் அதைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இந்தத் தப்பை நானும் செய்தவன்தான். சப்போர்ட் வேலைக்கு வந்த புதிதில் சென்னையில் ஓர் அலுவலகத்தில் ஒரே ஆளுக்கு மூன்று தடவை டாக் மாற்றினேன். நாலாவது தடவை போனபோது மனிதர் கேபிளைக் கையில் எடுத்துக் கொடுத்தார். பிடித்ததுமே தெரிந்தது: மெல்லிசாக, வெள்ளையாக, செல்போன் சார்ஜரோடு வருகிற கேபிள். டாக்கோடு வந்த தடித்த கறுப்புக் கேபிள் அவர் வீட்டில் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து ‘எது கெட்டுப்போச்சு?’ என்று நான் கேட்பதில்லை. ‘கோளாறு யார் பின்னால் போகுது?’ என்றுதான் கேட்கிறேன். லேப்டாப் பின்னாலா, கேபிள் பின்னாலா, டாக் பின்னாலா, இல்லை அந்த இடத்தோடேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறதா? இதைக் கண்டுபிடிக்கக் கம்ப்யூட்டர் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு நோட்டும் கொஞ்சம் ஸ்டிக்கரும் போதும். சொல்லப்போனால் எல்லோரும் எங்கெங்கோ மாறி மாறி உட்காருகிற உங்கள் ஆபீஸ் இந்தச் சோதனைக்கு ரொம்ப வசதி.

லேப்டாப், டாக், கேபிள், மானிட்டர் எல்லாவற்றுக்கும் எண் ஒட்டுங்கள். கேபிளுக்கு ஒட்டத்தான் எல்லோரும் மறப்பார்கள். அதற்குத்தான் முதலில் ஒட்ட வேண்டும். கோளாறு வந்தால் தேதி, மணி, எந்த லேப்டாப், எந்த மேசை, என்ன ஆனது என்று ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். ‘டாக் வேலை செய்யல’ என்று எழுதினால் ஏற்காதீர்கள். திரை வரவில்லையா, நெட் வரவில்லையா, சார்ஜ் ஏறவில்லையா என்று கேளுங்கள். ஒரு வாரம் போகட்டும். ஒரே லேப்டாப் எண் நாலு மேசைகளில் திரும்பத் திரும்ப வந்தால் டாக்கின் மேல் குற்றமில்லை. ஒரே மேசை எண் நாலு லேப்டாப்போடு வந்தால் அந்த மேசையைப் பாருங்கள். அங்கே முதலில் கேபிளை மட்டும் மாற்றி இரண்டு நாள் விடுங்கள். சரியாகவில்லையா, பழைய கேபிளைத் திரும்பப் போட்டுவிட்டு டாக்கை மட்டும் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிச் சரியாகிவிட்டால் எது காரணம் என்று கடைசிவரை தெரியாது. அடுத்த மாதம் திரும்ப வந்து நிற்கும்.

சரி, கேபிளுக்கு வருவோம். டீலர் பெட்டியை மட்டும் மாற்றினார் என்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக் விஷயத்தில் அதிகமாக அடிபடுவதே கேபிள்தான். யுஎஸ்பி-சி (டைப்-சி) முனைகள் எல்லாம் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே ஓடுகிற கம்பிகள் வேறு. சார்ஜர் கேபிள்களில் பெரும்பாலானவற்றில் மின்சாரத்துக்கும் பழைய யுஎஸ்பி 2.0 வேகத்துக்கும் தேவையான கம்பி மட்டுமே இருக்கும். படம் போகிற அதிவேகக் கம்பிகள் அதில் இருக்காது. அதைச் செருகினால் சார்ஜ் ஏறும், கீபோர்டும் மவுஸும் வேலை செய்யும், திரை மட்டும் வராது. அப்படிப்பட்ட மேசை உங்கள் ஆபீஸில் இருந்தால் வேறு எதையும் யோசிக்காமல் கேபிளைப் பாருங்கள். நீளமும் முக்கியம். எட்டவில்லை என்று யாராவது இரண்டு மீட்டர் கேபிள் வாங்கிப் போட்டிருக்கலாம். தண்டர்போல்ட் என்கிற அதிவேக வகை டாக்கில் 40 ஜிபிபிஎஸ் (வினாடிக்கு 40 கிகாபிட்) முழு வேகம் வேண்டுமானால் சாதாரணக் கேபிள் 80 சென்டிமீட்டர்வரைதான். அதற்கு மேல் உள்ளேயே சிப் வைத்த விலை கூடிய கேபிள் வேண்டும். எட்டாத மேசையில் டாக்கை நகர்த்தி வையுங்கள். கேபிளை நீட்டாதீர்கள்.

கேபிள் நல்லதாகவே இருந்தாலும் உங்கள் ஊரில் இன்னொரு எதிரி உண்டு: பஞ்சு. மெர்ச்சன்டைசர்கள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு சாம்பிள் ரூமுக்கும் தையல் ஃப்ளோருக்கும் போய் வருகிறவர்கள். செல்போன் டார்ச்சை அடித்து லேப்டாப்பின் யுஎஸ்பி-சி ஓட்டைக்குள் பாருங்கள். நடுவே நாக்கு மாதிரி ஒரு மெல்லிய தகடு நிற்கும். அதன் அடியாழத்தில் சாம்பல் நிறத்தில் மெத்தை மாதிரி அமுங்கிக் கிடக்கிறதா? ஒவ்வொரு தடவை செருகும்போதும் உள்ளே போய் இறுகிய பஞ்சு அது. அதனால் முனை முழுதாக உள்ளே போகாமல் ஒரு நூலிழை வெளியே நிற்கும். மொத்தம் 24 தொடுமுனைகள். சில தொடும், சில தொடாது. கையை எடுத்தால் படம் போகும், அழுத்திப் பிடித்தால் வரும். லேப்டாப்பை முழுதாக ஆஃப் செய்துவிட்டு பல் குத்தும் மெல்லிய மரக்குச்சியால் ஓரமாக மெதுவாக நெம்பி எடுங்கள். ஊசி, ஹேர்பின், ஸ்டேப்ளர் பின் எதையும் உள்ளே விடாதீர்கள். சுத்தம் செய்த பிறகு செருகினால் ‘டிக்’ என்று உட்கார வேண்டும். அப்படியும் லொடலொடவென்று ஆடினால் போர்ட் தேய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். பத்தாயிரம் தடவை செருகி எடுத்தாலும் தாங்கும்படி வடிவமைத்ததுதான் அது. ஆனால் டாக்கைக் கேபிளில் தொங்கவிட்டால் அந்தக் கணக்கு செல்லாது.

அடுத்து நெட். நெட் வராத மேசைகளும் டீலர் டாக் மாற்றிய மேசைகளும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒன்றாக இருந்தால் பாதி விடை கிடைத்த மாதிரி. ஒவ்வொரு டாக்குக்குள்ளும் ஒரு நெட்வொர்க் கார்டு இருக்கிறது; அதற்கு 12 எழுத்தும் எண்ணுமாக ஓர் அடையாளம் உண்டு, மேக் முகவரி என்பார்கள். பாதுகாப்புக்காகச் சில ஆபீஸ்களில் நெட்வொர்க் ஸ்விட்சில் (எல்லா மேசைகளின் நெட் வயரும் வந்து சேரும் பெட்டி) ‘இந்த வயரில் இந்த முகவரி மட்டுமே வரலாம்’ என்று பூட்டி வைத்திருப்பார்கள். பழைய டாக்கின் முகவரியைத்தான் ஸ்விட்ச் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது. புது டாக் வந்தால் அன்னிய ஆள் என்று வாசலிலேயே நிறுத்திவிடும். டீலர் நல்ல எண்ணத்தில்தான் மாற்றினார், அதுவே கோளாறாகியிருக்கலாம். உங்கள் நெட்வொர்க் கான்ட்ராக்டரிடம் ‘ஸ்விட்சில் போர்ட் செக்யூரிட்டி போட்டிருக்கிறதா?’ என்று மட்டும் கேளுங்கள். ஆமாம் என்றால் பழைய பதிவை அழிக்க அவருக்குச் சில நிமிடங்கள் போதும்.

இதில் ஒரு குழி இருக்கிறது. சில லேப்டாப்களின் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடத் தொடங்கும் அடிப்படை மென்பொருள்) ‘மேக் அட்ரஸ் பாஸ் த்ரூ’ என்று ஒரு வசதி உண்டு. அது ஆனில் இருந்தால் டாக்கின் முகவரிக்குப் பதிலாக லேப்டாப்பின் முகவரிதான் வெளியே போகும். ஆள் மாறி மாறி உட்காருகிற இடத்தில் மேசைக்கு மேசை பூட்டு போட்டுவிட்டு இதையும் ஆன் செய்தால் தினம் ஒருத்தருக்கு நெட் போகும். பூட்டு மேசைக்கா, லேப்டாப்புக்கா என்று கான்ட்ராக்டரை ஒரு முடிவுக்கு வரச் சொல்லுங்கள். உங்கள் ஆபீஸுக்கு லேப்டாப்பை வைத்து அனுமதிப்பதுதான் பொருந்தும் என்பது என் கட்சி.

டிசைன் பையன்களின் சார்ஜ் விஷயம் வெறும் கணக்கு. அவர்கள் லேப்டாப்போடு வந்த சார்ஜரைத் திருப்பிப் பாருங்கள். கிராபிக்ஸ் கார்டு உள்ள லேப்டாப் என்றால் 130 வாட்டோ அதற்கு மேலோ இருக்கும். டாக் கொடுப்பது பெரும்பாலும் 60, 90, 100 வாட். டாக்கின் அடாப்டரில் 130 என்று எழுதியிருந்தாலும் அதில் ஒரு பங்கை டாக்கே எடுத்துக்கொள்ளும். இதிலும் கேபிள் வந்து குறுக்கே நிற்கும். சாதாரண யுஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர்தான் தாங்கும். 20 வோல்ட் என்றால் 60 வாட். 5 ஆம்பியர் போக வேண்டுமானால் கேபிளுக்குள் அடையாளச் சிப் இருக்க வேண்டும், அப்போதுதான் 100 வாட். 2021-ல் வந்த புது விதி 240 வாட்வரை அனுமதிக்கிறது. ஆனால் டாக், கேபிள், லேப்டாப் மூன்றும் அந்த விதிப்படி செய்தவையாக இருக்க வேண்டும். அதற்காக இப்போது செலவு செய்யாதீர்கள். அந்த லேப்டாப்களில் டாக்கையும் செருகி, கூடவே அவற்றின் சொந்தச் சார்ஜரையும் செருகச் சொல்லுங்கள். பெரும்பாலானவை இரண்டில் பெரியதைத் தானே எடுத்துக்கொள்ளும்.

காலையில் மானிட்டர் வராத கதைக்கு ஒரு சின்னச் சோதனை. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் சிபியுவைத் தொட்டால் கீழே ‘அப் டைம்’ என்று இருக்கும். தினமும் சாயங்காலம் ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்கிறவரின் லேப்டாப்பில்கூட 30 நாள், 40 நாள் என்று காட்டலாம். அவர் பொய் சொல்லவில்லை. விண்டோஸ் 8 காலத்திலிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒன்று இருக்கிறது. ஷட்டவுன் கொடுத்தால் உள்ளிருப்பதில் ஒரு பகுதியை அப்படியே உறைய வைத்துவிட்டு, காலையில் அதையே எழுப்பும். டாக்கைப் பற்றிய பழைய குழப்பமும் சேர்ந்து எழுந்துவிடும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் சுத்தமாகத் தொடங்கும். வாரம் ஒரு தடவையாவது எல்லோரையும் ரீஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள், அல்லது பவர் ஆப்ஷன்ஸில் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

அப்புறம் மானிட்டரின் மெனுவில் இன்புட் ‘ஆட்டோ’ என்று இருந்தால் எந்த வயர் செருகியிருக்கிறதோ அதை நிரந்தரமாகத் தேர்ந்தெடுத்து வையுங்கள். லேப்டாப் விழிக்கிற நேரத்தில் மானிட்டர் ஒவ்வொரு வாசலாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும். ஒன்றை ஒன்று பார்க்காமல் இரண்டும் தூங்கிவிடும். செருகியதும் பத்து வினாடி பொறுக்கவும் சொல்லுங்கள். பிடுங்கிப் பிடுங்கிச் செருகினால் ஒவ்வொரு தடவையும் பேச்சுவார்த்தை முதலிலிருந்து தொடங்கும். எதற்கும் அசையவில்லை என்றால் டாக்கின் மின்சாரத்தையும் லேப்டாப் கேபிளையும் எடுத்துவிட்டு அரை நிமிடம் கழித்துச் செருகலாம். டாக்குக்குள்ளேயும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர் இருக்கிறது, அதற்கு அதுதான் ரீஸ்டார்ட். இதைச் செய்ததையும் நோட்டில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் தடயம் போய்விடும்.

இனி 14-ம் மேசை. அந்தப் பெண் சொல்வது அநேகமாக உண்மைதான். உட்கார்ந்தால் இறங்கி, எழுந்தால் ஏறுகிற கேஸ் லிஃப்ட் நாற்காலி இருக்கிறதல்லவா, அதிலிருந்து ஆள் எழும்போதோ உட்காரும்போதோ ஒரு நொடி மின்காந்த அதிர்வு கிளம்பலாம். நமக்கு ஒன்றும் தெரியாது. பக்கத்தில் ஓடுகிற மானிட்டர் வயர் அதை ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். திரை தாளம் தப்பி, திரும்பப் பிடிக்க இரண்டு மூன்று வினாடி ஆகும். நான் கதை விடவில்லை. பல டாக்குகளுக்குள் இருக்கும் சிப்பைச் செய்கிற டிஸ்ப்ளேலிங்க் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் நாற்காலியைக் காரணமாக எழுதி வைத்திருக்கிறது. பக்கத்துச் சீட்டுக்காரரைப் பத்துத் தடவை உட்கார்ந்து எழச் சொல்லிவிட்டு 14-ம் மேசைத் திரையைப் பாருங்கள். இரண்டு மூன்று தடவை கறுத்தால் அந்த நாற்காலியைத் தூரத்தில் இருக்கும் ஒரு மேசைக்கு அனுப்பிவிட்டுத் திரும்பப் பாருங்கள். கோளாறு நாற்காலி பின்னால் போகிறதா என்று தெரிந்துவிடும். போனால், கிண்டல் செய்தவர்கள் அவளுக்கு ஒரு டீ கடன்பட்டிருக்கிறார்கள்.

நாற்காலியை மாற்ற முடியாவிட்டால் மானிட்டர் வயரைக் கொஞ்சம் குட்டையானதாக, நல்ல ஷீல்டு (வெளி அதிர்வைத் தடுக்கும் உறை) உள்ளதாக வாங்கிப் போடுங்கள்; எச்டிஎம்ஐக்கும் டிஸ்ப்ளே போர்ட்டுக்கும் நடுவே கன்வெர்ட்டர் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு நேர் வயர் போடுங்கள். ஜன்னலோர மேசைக்கு மின்சாரம் எக்ஸ்டென்ஷன் பாக்ஸிலிருந்து வருகிறதா என்றும் பாருங்கள். மூன்றாவது ஓட்டை இருக்கும், உள்ளே எர்த் வயர் இருக்காது. அப்படிப்பட்ட பாக்ஸ்கள் நம் கடைகளில் தாராளமாகக் கிடைக்கின்றன. லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் விர்ரென்று ஒரு கூச்சம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அது டாக்கைவிடப் பெரிய விஷயம்.

நீங்கள் கேட்காத ஒன்று. வயர்லெஸ் மவுஸ் யாருக்காவது தத்தித் தத்திப் போகிறதா? மவுஸின் குட்டி ரிசீவர் டாக்கின் நீல யுஎஸ்பி 3.0 ஓட்டையில் செருகியிருக்கும். அந்த ஓட்டையில் வேகமாக டேட்டா ஓடும்போது வெளிவரும் இரைச்சல், மவுஸ் பேசுகிற 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் போய் விழும். இன்டெல் 2012-லேயே இதை அளந்து அறிக்கை போட்டது. ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கம் மாற்றினால் போதும்.

அப்டேட்டுகளும் வேண்டும்: லேப்டாப்பின் பயாஸ், கிராபிக்ஸ் டிரைவர் (திரையை இயக்கும் மென்பொருள்), டாக்கின் ஃபர்ம்வேர் (டாக்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்), எல்லாம் அந்தந்தக் கம்பெனி தளத்திலிருந்து மட்டும். முதலில் ஒரு லேப்டாப், ஒரு டாக்கில் போட்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். டாக் ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கும்போது கரன்ட் போனால் டாக் எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடலாம். யுபிஎஸ் லைனில் வைத்துச் செய்யுங்கள். கடைசியாக ஒன்று: பதினெட்டு டாக்கும் ஒரே மாடல்தானா என்று அடியில் இருக்கும் லேபிளைப் பாருங்கள். டீலர் மாற்றிக் கொடுத்த ஆறில் டிஸ்ப்ளேலிங்க் சிப் உள்ள மாடல் இருந்தால் அதற்குத் தனி டிரைவர் வேண்டும். அது இல்லாத லேப்டாப் அந்த மேசையில் உட்கார்ந்தால் எல்லாம் வரும், திரை மட்டும் வராது.

பதினைந்து நாள் நோட்டு கையில் இருந்தால் டீலரிடம் பேச்சே மாறிவிடும். ‘டாக் சரியில்லை’ என்பதற்குப் பதில், ‘9-ம் டாக்கில் மூன்று லேப்டாப், இரண்டு கேபிள் மாற்றிப் பார்த்தோம், மூன்றிலும் திரை வரவில்லை’ என்று சொல்லுங்கள். வாரன்டியில் மறுபேச்சு இருக்காது. இப்போதைக்கு முதலாளியிடம் கேட்க வேண்டியது நாலு கேபிள் மட்டும்: டாக் கம்பெனி அதே மாடலுக்கு விற்கிற கேபிள், அல்லது 100 வாட், 40 ஜிபிபிஎஸ் என்று அட்டையில் போட்டிருக்கும் 80 சென்டிமீட்டர் கேபிள். அவை வந்ததும், சோதனையில் தோற்ற பழைய கேபிளை அங்கேயே கத்தரியால் இரண்டாக வெட்டிக் குப்பையில் போடுங்கள். டிராயரில் வைத்தீர்களானால் தீபாவளிக்குள் யாராவது அதை எடுத்து 14-ம் மேசையில் செருகியிருப்பார்கள்.